அலமாரியில் உறங்கும் மிரர்லெஸ் கேமரா

பழுதுபார்க்க என்னிடம் வரும் லென்ஸ்களில் கணிசமானவை கீழே விழுந்தவை அல்ல. மாதக்கணக்கில் பைக்குள் கிடந்து, உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்தவை. விலை உயர்ந்த பொருள் என்பதால் விசேஷ நாட்களுக்கு மட்டும் எடுப்பதாகச் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. இருட்டும் அசையாத காற்றும் ஈரமும்தான் பூஞ்சைக்கு வேண்டியவை. மூடிய பை அவை மூன்றையும் கொடுத்துவிடுகிறது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில் வைப்பது நல்லது. அதைவிட நல்லது, கேமராவைத் தினமும் வெளியே எடுப்பது.

தினமும் எடுப்பதற்கு ஏற்ற கருவிதான் மிரர்லெஸ், அதாவது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமரா. 2008இல் பானசோனிக்கின் ஜி1 வந்தபோது லென்ஸ் காட்டுவதை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிட்ட அந்தக் கண்ணாடி விடைபெற்றது. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஒளியைப் படமாக்கும் சென்சாருக்கும் இடையே, கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்த கேனானின் பழைய இஎஃப் அமைப்பில் 44 மில்லிமீட்டர் இடைவெளி தேவைப்பட்டது. அதன் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் அமைப்பில் 20 போதும். உடல் மெலிந்தது அதனால்தான். அதில் பெரிய ஜூம் லென்ஸை மாட்டினால் பழைய பாரம் திரும்பிவிடும். 35 அல்லது 50 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள சிறு லென்ஸ் ஒன்றை மட்டும் மாட்டி வையுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர். சென்சார் காண்பதையே அது காட்டுகிறது. ஜன்னலோரம் அமர்ந்திருப்பவரின் முகம் இருண்டு தெரிகிறதா? படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தச் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் திருப்புங்கள், முகம் கண்ணெதிரே தெளியும். கழித்தல் பக்கம் திருப்பினால் அவரே நிழலுருவாக மாறுவார். இரண்டில் எது உங்கள் படம் என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவுசெய்யலாம். வெளிச்சத்தைப் படிக்க இதைவிட விரைவான வழியை நான் கண்டதில்லை. கறுப்பு வெள்ளை அமைப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்து பாருங்கள். வண்ணம் விலகியதும் வடிவமும் நிழலும் முன்னே வரும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவும் சேமித்தால் வண்ணம் எங்கும் போய்விடாது.

ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 நொடி என வையுங்கள். ஓடும் குழந்தைகளுக்கு 1/250க்கு மேல் தேவைப்படும். ஐஎஸ்ஓ உயர்ந்தால் படத்தில் புள்ளிகள் விழும் என்று அஞ்ச வேண்டாம். புள்ளிகளை மென்பொருளால் குறைத்துவிடலாம், அசைவால் கலங்கிய முகத்தை மீட்பது கடினம்.

ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலான சென்சார்கள் காட்சியை வரிவரியாகப் படிக்கின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்கு மாற்றினால் பெரும்பாலும் கோடு மறையும். இல்லையெனில் இயந்திர ஷட்டருக்குத் திரும்புங்கள். அதே ஓசையின்மை, பிறர் அறியாமல் அவர்களைப் படம்பிடிக்கவும் வழிசெய்கிறது. முன்பின் அறியாதவரின் முகத்தை நெருங்கி எடுக்கும்போது அனுமதி கேளுங்கள்.

லென்ஸைக் கழற்றும்போது பல கேமராக்களில் சென்சார் திறந்தே இருக்கும். கேமராவை அணைத்து, லென்ஸ் பொருந்தும் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, சட்டென்று மாற்றுங்கள். தூசு விழுந்தால் ரப்பர் காற்றூதியைப் பயன்படுத்துங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் துடைப்பது தூசை அகற்றுவதைவிடப் பெரும்பாடு.

இசை நிகழ்ச்சிகளுக்குச் செல்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். மிரர்லெஸ்ஸில் கேமரா இயங்கும் நேரம் முழுவதும் சென்சார் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டே இருக்கிறது. மேடை லேசர் கதிர் ஒரு கணம் நேராகப் பட்டாலே அதில் நிரந்தரக் கோடு விழக்கூடும். அந்தக் காயத்தை என்னால் சரிசெய்ய முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். லேசர் உங்கள் பக்கம் சுழலும்போது கேமராவைத் தாழ்த்தி லென்ஸை மூடிவிடுங்கள்.