நுண்திரையா, நுண்படிமச் சில்லா?

புரொஜெக்டர் போன்ற கருவிக்குள் படத்தை உருவாக்கும் சிறு சில்லான மைக்ரோடிஸ்பிளேயை ‘நுண்திரை’ என்று எழுதுகிறோம். இது இடறும் சொல். புதுச்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் புரொஜெக்டர் கட்டுபவரிடம் ‘திரையில் ஒரு புள்ளி தெரிகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். தொங்கும் வெள்ளைத் துணியைத்தான் துடைப்பார். கோளாறோ கருவிக்குள், ஓர் அங்குலத்தை ஒட்டிய அளவுள்ள சில்லில் இருக்கும். கடற்கரை ஊரில் ‘திரை’ என்றால் அலையும்தான், அது வேறு.

இத்தகைய சில்லுகள் பலவற்றில் இருப்பது நீர்மப்படிகம் (லிக்விட் கிரிஸ்டல்): நீர்மம்போலப் பாய்ந்தாலும் மூலக்கூறுகள் படிகம்போல ஒழுங்காக நிற்கும் பொருள். அந்தப் பெயருக்கே ஒரு சண்டை உண்டு. 1888-இல் தாவரவியலாளர் ரைனிட்சர் சூடேற்றிய பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலானது, 178.5-இல் தெளிந்தது. லேமன் என்ற இயற்பியலாளர் அதைப் ‘பாயும் படிகம்’ என்றார். பிரெஞ்சுக்காரர் ஃபிரிடெல் 1922-இல் அந்தப் பெயரை ஏற்காமல் ‘இடைநிலை’ என்றார். நூல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘நெமாட்டிக்’ என்ற வகைப்பெயரையும் தந்தார். இந்தச் சில்லுகளில் பெரும்பாலும் இருப்பது அந்த நெமாட்டிக்தான். கிரிஸ்டலுக்குக் கிரேக்க மூலம் பனிக்கட்டி. நம் படிகம் ஸ்படிகத்திலிருந்து வந்தாலும், மரக்காணம் உப்பளப் பாத்தியில் உப்பு படிவதைப் பார்த்தவருக்கு ‘படிதல்’தான் காதில் விழும்.

மைக்ரோடிஸ்பிளேயில் ஒரு வகையான எல்காஸ் (LCoS) என்பது சிலிக்கன்மேல் நீர்மப்படிகம். கீழே சிலிக்கன், அதன்மேல் படப்புள்ளிக்கு (பிக்சலுக்கு) ஒன்றாக அலுமினிய ஆடிகள், மேலே மின்கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி. நடுவே ஒன்று முதல் மூன்று மைக்ரான் கனத்தில் நீர்மப்படிகம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒளி போய்த் திரும்பி இருமுறை கடப்பதால், ஒளி ஒருமுறை மட்டும் ஊடுருவிப் போகும் எல்.சி.டி.க்குத் தேவையான கனத்தில் பாதி போதும். மின்னழுத்தத்துக்கேற்ப நீர்மப்படிக மூலக்கூறு திரும்பும் நேரம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அதே பொருளில் நேரம் கால்வாசியாகும். டிரான்சிஸ்டர்கள் ஆடிக்கடியில் ஒளிந்துகொள்வதால் இடமும் வீணாகாது. 9 மைக்ரான் படப்புள்ளிக்கு 0.35 மைக்ரான் இடைவெளி விட்டாலும் பரப்பில் 92 விழுக்காடு ஆடிதான்.

தொல்லையும் அந்தக் கனத்தில்தான். ஒரு மைக்ரான் தூசி உள்ளே மாட்டினாலே கனம் பிசகி, நிறம் திட்டுத்திட்டாகும். மின்னழுத்தத்தின் திசையை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றாவிட்டால் அயனிகள் ஒரு பக்கம் ஒதுங்கி, பழைய படத்தின் நிழல் தங்கிவிடும். நிரப்பும்போது சோடியம் கலந்தால் இன்னும் மோசம். மூலக்கூறுகளை வரிசைப்படுத்தும் பாலிஇமைடு பூச்சு, கடும் நீல ஒளியில் சிதையும். அதனால் அதிக ஒளியுள்ள கருவிகளில் சாய்வாகப் படியவைத்த சிலிக்கன் டை ஆக்சைடு.

திரையில் தெரியும் அந்தப் புள்ளி எதனால் என்று பார்க்க, லென்சின் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். படம் மங்கும்போது புள்ளி கூர்மையானால் அது சில்லின் மேல்கண்ணாடித் தூசி. படத்தோடு சேர்ந்து மங்கினால் செத்த படப்புள்ளி. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று சில்லு உள்ள கருவியில் புள்ளியின் நிறமே எந்தச் சில்லு என்று காட்டிக்கொடுக்கும்.

எனவே ‘நுண்படிமச் சில்லு’ என்பதே எங்கள் பரிந்துரை. படிமம் உருவாகும் இடம் அது. விழும் இடமே திரை. சில்லு புதுச்சொல்லும் அல்ல: பாண்டி ஆடிய பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிந்த ஓட்டாஞ்சில்லுதான். எல்காஸைக் குறிப்பாகச் சொல்ல, ‘எதிரொளிப்பு நீர்மப்படிகச் சில்லு’.