அட்ரிஷன்: தேய்மானம் அல்ல, பணிவிலகல்

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் மனிதவளத் துறை அறிக்கைகளைத் தமிழாக்குகிறவர்கள் ‘ஊழியர் தேய்மான விகிதம்’ என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அட்ரிஷன் ரேட்டுக்கு இவர்கள் கண்ட தமிழ் அது.

அட்ரிஷன், உரசித் தேய்த்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிறுவனங்களில் ஆட்கள் வேலையை விட்டுப் போவதற்கு ஆகிவந்தது. வேர்ப்பொருள்படி தேய்மானம் சரிதானே என்பார்கள். ஆனால் கணக்குப் பதிவியலில் தேய்மானம் ஏற்கெனவே டெப்ரிசியேஷனுக்கு, அதாவது இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு குறைவதற்கு, உரிய சொல். ஒரே ஆண்டறிக்கையில் ஸ்பின்னிங் இயந்திரத்துக்கும் தேய்மானம், அதை ஓட்டும் தொழிலாளியான சைடருக்கும் தேய்மானமா? சம்பளம் பத்தாமலோ நைட் ஷிப்ட் ஒத்துவராமலோ அவராகவே முடிவெடுத்துக் கிளம்புகிறார். அந்த முடிவையே இந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

வருடத்தில் விலகியவர்களைச் சராசரி ஆள்பலத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் இந்த வீதம். 400 பேர் உள்ள மில்லில் 60 பேர் போனால் 15 சதவீதம். மறுவருடம் 40 பேர் என்றால் 10. அறுந்த இழையைச் சேர்க்கப் புது ஆளுக்குக் கை பழகும்வரை ஆகும் செலவில் எவ்வளவு மிச்சம் என்று இதை வைத்துத்தான் மனிதவளத் துறை தன் வேலையின் மதிப்பைக் காட்ட முடியும். தலைப்பில் தேய்மானம் என்று இருந்தால், அது எப்படியும் நடப்பதுதானே என்று முதலாளி பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

‘ஆட்குறைப்பு’ என்று எழுதுவது இன்னும் ஆபத்து. அது நிர்வாகமே ஆளை நீக்குவது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அதற்குப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாக வைத்தது. தானாக விலகியவர்களின் கணக்கை ஆட்குறைப்பு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யூனியன் சும்மா இருக்குமா?

மில்லில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கேட்டால் “அவரு நின்னுட்டாரு” என்பார்கள். பள்ளிக்கூடக் கணக்கில் இடைநிற்றல் நிலைத்துவிட்டது. ஆனால் ‘பணிநிற்றல்’ என்றால் பணிநிறுத்தத்தோடு குழம்பும். ஆகவே பணிவிலகல் வீதம் என்பதே தெளிவு. ஓய்வுபெற்றவர்களைத் தனி வரியில் காட்டிவிடலாம்.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆட்கள் போவதையும் அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வருவதையும் குறிக்கும் லேபர் டர்னோவரைத் ‘தொழிலாளர் விற்றுமுதல்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆளை விற்ற கணக்கா அது?