குடிக்காதவருக்கு வந்த குடிகாரப் பட்டம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கையில் மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இரண்டு தாள். ஒன்று பிரான்சிலிருந்து வந்த மருத்துவமனைச் சீட்டு. இன்னொன்று காப்பீட்டு நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் அனுப்பிய மறுப்புக் கடிதம்.

மகள் வீட்டுக்குப் போன இடத்தில் எதையோ சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் மருத்துவமனை. பயணக் காப்பீடு எடுத்திருந்ததால் ஊர் திரும்பியதும் செலவுப் பணத்தைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். மது அருந்தியதால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு கிடையாது என்று பதில் வந்துவிட்டது.

“தம்பி, என் பிள்ளை கல்யாணத்துலகூட நான் தொட்டதில்ல” என்றார். புதுச்சேரி விலாசம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. அதுவும் இதில் சேர்ந்துகொண்டதோ என்னவோ!

மருத்துவமனைச் சீட்டைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. நோயின் பெயர் ‘ஆந்தொக்ஸிகாஸியோன் அலிமாந்தேர்’. முதல் சொல்லை பிரெஞ்சுக்காரர்கள் எழுதுவதும் ஆங்கிலத்தில் ‘இன்டாக்ஸிகேஷன்’ என்று எழுதுவதும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் படித்தால் போதை. பிரெஞ்சில் உடம்பில் நஞ்சேறுவது. கூடவே ‘அலிமாந்தேர்’ என்று வந்தால் உணவால் ஏறிய நஞ்சு, நாம் சொல்கிற ஃபுட் பாய்சன். கோப்பைப் பார்த்த அலுவலருக்கு முதல் சொல் தெரிந்த சொல். இரண்டாவது தெரியாத சொல், அதனால் விட்டுவிட்டார் போல.

இருபது வருடத்துக்கு மேலாக பிரெஞ்சு ஆவணங்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். தெரியாத சொல்லால் வந்த வில்லங்கம் என் மேசைக்கு அதிகம் வந்ததில்லை. தெரியாவிட்டால் யாரும் அகராதியைப் புரட்டுவார்கள், யாரையாவது கேட்பார்கள். பழகிய முகமாகத் தெரிகிற சொல்லைத்தான் யாரும் விசாரிப்பதில்லை.

இந்த இரண்டு ‘இன்டாக்ஸிகேஷ’னுக்கும் வேர் ஒன்றுதான் என்பது இன்னும் வேடிக்கை. கிரேக்கத்தில் ‘தோக்ஸோன்’ என்றால் வில். அம்பு முனையில் தடவிய நஞ்சு ‘தோக்ஸிகோன்’. அது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து மற்ற மொழிகளுக்கு வந்தது. ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் நஞ்சூட்டுவது என்ற பொருள் இருந்தது, பிறகு சாராயத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரெஞ்சு நஞ்சோடு நின்றுகொண்டது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஸ்பானியச் சொல் ஓர் இளைஞரின் வாழ்க்கையையே சாய்த்திருக்கிறது. 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையனை நினைவில்லாத நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கியூபா வழி வந்த குடும்பம். வீட்டார் சொன்ன சொல் ‘இன்தொக்ஸிகாதோ’. சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் நினைத்த பொருள். மருத்துவர்கள் போதை மருந்து அளவு மீறிவிட்டதாக எடுத்துக்கொண்டு அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக் கசிவு. அது தெரிய வருவதற்குள் கை கால் நான்கும் விழுந்துவிட்டன. கடைசியில் இழப்பீடாக முடிவான தொகை ஏறத்தாழ 7.1 கோடி டாலர்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல். ஆனால் பிரெஞ்சுத் தாள்கள் மட்டும் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. தாத்தாவின் பிறப்புப் பதிவு, பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவரின் பென்ஷன் கடிதம், அங்கே படிக்கப் போன பேரப்பிள்ளையின் வீட்டு ஒப்பந்தம். அவற்றைக் கையில் எடுக்கும் தலைமுறையோ ஆங்கில வழியில் படித்தது. எழுத்தும் ஒன்றாக இருப்பதால், பிரெஞ்சுத் தாளை ஆங்கிலக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறோம்.

லியோன் நகரத்தில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்தான். கூடப் படித்த நண்பன் அங்கே அறை எடுத்தபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மேலே ‘கோஸியோன்’ என்று தலைப்பு. ஆங்கிலத்தில் ‘காஷன்’ என்று நாம் படிக்கும் அதே எழுத்துகள். “ஏதோ எச்சரிக்கையைப் படிச்சிட்டேன்னு கையெழுத்து கேக்கிறாங்கன்னு நினைச்சேன் சார்” என்றான். வாடகை ஒப்பந்தத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பிணை. நண்பன் வாடகை கட்டாவிட்டால் இவன் கட்ட வேண்டும். நண்பன் கட்டவில்லை.

நம் கல்லூரிகளில் சேரும்போது ‘காஷன் டெபாசிட்’ கட்டுகிறோமே, அதில் இருப்பதும் இந்தப் பிணைதான். இவனும் கட்டிவிட்டுத்தான் படித்திருக்கிறான். நினைவுக்கு வரவில்லை, பாவம்.

அதே ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு கண்ணி. ‘லொக்கேஷன்’ என்று ஆங்கிலக் கண்ணுக்குத் தெரிவது இருப்பிடம் அல்ல, வாடகைக்கு விடுவது. ‘சார்ஜஸ்’ என்று தெரிவது அபராதமோ குற்றச்சாட்டோ அல்ல. தண்ணீர், மாடிப்படி விளக்கு, பொதுச் சுத்தம் மாதிரியான செலவுகள். அவை வாடகைக்குள் அடக்கமா, வெளியேயா என்பதை அந்த வரி சொல்லும். மாத பட்ஜெட்டே அதில்தான் இருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஊரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயமில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அம்மாவின் உறுதிமொழிப் பத்திரத்தை மொழிபெயர்த்தேன். அதில் ‘அக்துவெல்மான்’ என்ற சொல். ஆங்கில ‘ஆக்சுவலி’யின் சாயலில் “உண்மையில் வேலையில்லாதவர்” என்று எழுதிவிட்டேன். பிரெஞ்சில் அதற்குத் ‘தற்போது’ என்றுதான் பொருள். தாளைப் படித்த அதிகாரி அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “உண்மையில்னா, மத்ததெல்லாம் பொய்யா?” என்று கேட்டாராம். அவர் அலைந்த இரண்டு நடைக்கு நான்தான் காரணம். இன்றும் அந்தச் சொல் வந்தால் கை ஒரு கணம் நிற்கும். பிறப்புப் பதிவில் வரும் ‘ஆக்த்’ என்பதை ‘ஆக்ட்’ என்று படித்து “பிறப்புச் சட்டம்” என்று எழுதிக்கொண்டு வருபவர்களிடம் நான் சிரிக்காமல் பேசக் காரணமும் அதுதான். அது சட்டமல்ல, பதிவு ஆவணம்.

பீரோ கதையும் ஒன்று உண்டு. வீட்டுப் பத்திரம் நோத்தேரின் (பத்திரம் எழுதிக் கொடுக்கும் நோட்டரி) ‘ப்யூரோ’வில் இருக்கிறது என்று பிரெஞ்சில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார் ஒரு தாத்தா. பேரன்கள் வீட்டிலிருந்த இரும்பு பீரோவைப் பூட்டு உடைத்துப் பார்த்துவிட்டார்கள். பிரெஞ்சில் அது எழுதும் மேசை, அதிலிருந்து அலுவலகம். மேசைமேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணியின் பெயரிலிருந்து வந்த சொல். துணியில் தொடங்கி, மேசையாகி, நம்மிடம் வந்து துணி அடுக்கும் இரும்புப் பெட்டியாகிவிட்டது.

பிரெஞ்சை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் ஒன்றியப் பகுதியிலேயே ஏனாமில் தெலுங்கு, மாஹேயில் மலையாளம். ‘அவசரம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பரபரப்பு, தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. மூன்றும் சமஸ்கிருத ‘அவசர’ என்பதன் பிள்ளைகள், அங்கே அதற்குத் தக்க சமயம் என்று பொருள். இங்குள்ள ஓர் அலுவலகத்தில் இருப்பவர் ஏனாமுக்கு போன் போட்டு, “அந்த நகலும் வேணுமா?” என்று கேட்டிருக்கிறார். “அவசரம் லேது” என்று பதில். அவசரமில்லையாம், மெதுவாக அனுப்பலாம் என்று ஒரு வாரம் கழித்துக் கட்டு கட்டாக நகல் எடுத்து அனுப்பினார். அவர்கள் சொன்னது, தேவையே இல்லை என்று. தெலுங்கில் ‘நேரம்’ என்றால் குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். “உங்க நேரம் என்ன?” என்று அங்கே போய்ச் சாதாரணமாகக் கேட்டுவிடாதீர்கள்.

இவையெல்லாம் ஒரு வயிற்றில் பிறந்து வேறு வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்ட சொற்கள். இன்னொரு வகை உண்டு. உறவே இல்லாமல் முகம் மட்டும் ஒன்றாக இருப்பவை. அதற்கு வேறு மொழிக்குப் போக வேண்டாம், பக்கத்திலிருக்கும் கடலூருக்குப் போனால் போதும். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கிய ஒரு நண்பர், வெள்ளைக்காரப் பாதிரிகள் இருந்த ஊரோ என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை, தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி ஆண்ட வெள்ளைக்காரர்களைப் பார்த்த ஊர்தான் கடலூர். ஆனால் அப்பர் இந்த ஊர் இறைவனைப் பாடியது 7ஆம் நூற்றாண்டில். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498இல்தான். போர்ச்சுகீசிய ‘பாத்ரே’ நம்மிடம் பாதிரியாவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த ஊர் பாதிரி மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. பாடலீசுவரர் கோயிலின் தல மரமும் அதுவே.

சாவியும் அப்படித்தான். பூட்டுக்குப் போடும் சாவி போர்ச்சுகீசிய ‘ஷாவே’. வயலில் பால் பிடிக்காமல் போன நெல்லுக்கு நம் விவசாயிகள் சொல்கிற சாவி வேறு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவரின் பயிரிழப்பு மனுவை, அவர் மகன் கைபேசியில் போட்டு ஆங்கிலமாக்கி எடுத்து வந்தான். ஒன்றரை ஏக்கர் நெல்லும் பூட்டுச் சாவியாக மாறியிருந்தது. அச்செடுத்துக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, நல்ல வேளையாகக் கொடுக்கவில்லை.

ஆயா விஷயத்தில் மனத்தாங்கலே வந்திருக்கிறது. எங்கள் பக்கம் அம்மாவின் அம்மாவும் ஆயா, பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரும் ஆயா. இரண்டாவது, போர்ச்சுகீசியத்தில் செவிலியைக் குறிக்கும் ‘ஆயா’. பள்ளிப் படிவத்தில், பிள்ளையை அழைத்துப்போக வருபவர் யார் என்ற இடத்தில் ‘ஆயா’ என்று எழுதிவிட்டார்கள். வாசலில் அந்தப் பாட்டியிடம், “எந்த ஏஜென்சி?” என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் போர்ச்சுகீசியச் சொல்லுக்கு மூலமாக அகராதிகள் காட்டும் லத்தீன் ‘அவியா’வுக்கும் பாட்டி என்றே பொருள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கோபம் தணியவில்லை.

பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று தினமும் நாலு பேரிடம் சொல்கிறேன். முதல் பத்திரம் இலை, ஏடு என்ற பொருளுள்ள ‘பத்ர’. இரண்டாவது நலம் என்ற பொருளுள்ள ‘பத்ர’, முதல் எழுத்தை அழுத்தி உச்சரிப்பது. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’.

இங்கே ஒரு வார்த்தை, வாட்ஸப் அன்பர்களுக்கு. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று பட்டியல் போடாதீர்கள். ஆங்கில ‘எய்ட்’ நம் எட்டு போலத்தான் ஒலிக்கிறது. அதன் பங்காளிகளோ லத்தீன் ‘ஒக்தோ’வும் சமஸ்கிருத ‘அஷ்ட’வும். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொல் உண்டு. கீழ்த்திசை நாடுகளின் சில்லறை நாணயத்தைக் குறித்த கேஷ் நம் காசிலிருந்து போனது. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு ‘கேஸ்’ஸிலிருந்து வந்தது. உண்மையாகவே நம்முடையது ஒன்று இருக்கும்போது இன்னொன்றையும் ஏன் இழுக்க வேண்டும்?

தாளோடு என்னிடம் வருபவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். ஒரு சொல்லை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள், முழுப் பக்கத்தையும் காட்டுங்கள். பொருள் பக்கத்துச் சொல்லில் இருக்கும். கைபேசிச் செயலி முழு வாக்கியத்தை ஓரளவு சரியாகவே மாற்றுகிறது, ஒற்றைச் சொல்லில்தான் கவிழ்கிறது. பணம், உடம்பு, கையெழுத்து என்று எது சம்பந்தப்பட்டாலும், ‘இது எனக்குத் தெரிந்த சொல்தானே’ என்று தோன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு விசாரியுங்கள். மருத்துவரிடம் போனால் நோயின் பெயரைச் சொல்வதைவிட நடந்ததைச் சொல்லுங்கள்: என்ன சாப்பிட்டார், எப்போது வாந்தி, எப்போது மயக்கம்.

பெரியவருக்கு முழு மொழிபெயர்ப்போடு ஒரு பக்கக் குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சு அகராதியின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்தோம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே மஞ்சள் பையோடு படியேறி வந்தார். இந்த முறை முகத்தில் கலவரம் அதிகம். காப்பீட்டுக் கடிதத்தை நீட்டி ஒரு வரியில் விரல் வைத்தார்.

“செட்டில்மென்ட்டுன்னு போட்டிருக்கானே தம்பி. நான் யாருக்கும் வீட்ட எழுதிக் கொடுக்கலையே?”