ஊசிக்குப் பிறகா, ஊசியாலா? தடுப்பூசி நட்டஈட்டு வழக்குகள் பற்றி

பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டபின் வலிப்பு வந்தது, வளர்ச்சி பின்தங்கிவிட்டது, அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்கலாமா என்று வருகிற பெற்றோருக்கு, அதற்கு முன்பே லண்டனிலிருந்தோ ரொறொன்ரோவிலிருந்தோ ஒரு சொந்தக்காரர் போனில் பதில் சொல்லியிருப்பார். "இஞ்ச என்றால் காசு குடுத்திருப்பாங்கள்." அவர் சொல்வது பொய் இல்லை. பிரித்தானியாவில் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தடுப்பூசியால் 60 வீதமோ அதற்கு மேலோ இயலாமை ஏற்பட்டதென்று ஏற்கப்பட்டால் 120,000 பவுண் ஒரே தொகையாகக் கிடைக்கும். அமெரிக்காவில் 1986 இல் சட்டம் வந்து, 1988 முதல் தனி நிதியம் இயங்குகிறது. ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சதம் வரியாக எடுத்து அந்த நிதியத்தில் போடுகிறார்கள். கனடாவில் நாடு தழுவிய திட்டம் 2021 இல் தொடங்கியது. இங்கெல்லாம் தாதியோ மருத்துவரோ பிழை விட்டார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அவை அந்தந்த நாட்டுத் திட்டங்கள். சாவகச்சேரியில் போட்ட ஊசிக்கு லண்டனில் விண்ணப்பிக்க முடியாது.

இலங்கையில் அப்படி ஒரு திட்டம் இல்லை. இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. ஊர் முழுவதையும் நோயிலிருந்து காக்கும் ஊசியால் எப்போதாவது ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால், அந்தச் சுமையைத் தாயும் தகப்பனும் மட்டும் சுமப்பது நியாயமில்லை. ஆனால் இன்றைய நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் உரோமன் டச்சுச் சட்டப்படி தீங்கு வழக்குத்தான் வழி. அதில் மூன்றையும் காட்டவேண்டும்: யாரோ கவனயீனமாக நடந்தார், அந்தக் கவனயீனத்தால்தான் பாதிப்பு வந்தது, அதனால் இன்ன இழப்பு ஏற்பட்டது. ஊசி சரியாகவே போடப்பட்டு, பிள்ளையின் உடம்பு அதை ஏற்காமல் விட்டிருந்தால், பாதிப்பு உண்மையானாலும் வழக்கு நிற்காது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லாத சட்டத்தரணியிடம் கவனமாக இருங்கள்.

அநேக வழக்குகள் விழுவது இரண்டாவதில்தான். பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கு தடுப்பூசி பற்றியதல்ல. மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த குழந்தை பற்றியது. ஆனாலும் இலங்கையில் மருத்துவக் கவனயீனம் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போகமுடியாது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 250,000 ரூபாவாகக் குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கியது, மருத்துவரின் செயல்தான் மரணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று.

தடுப்பூசியில் இது இன்னும் சிக்கல். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஐங்கூட்டு ஊசி (ஐந்து நோய்களை ஒன்றாகத் தடுப்பது) போடுகிறோம். பிறவியிலேயே உள்ள சில வலிப்பு நோய்கள் முதலில் தலைகாட்டுவதும் அதே மாதங்களில்தான். தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை அவுஸ்திரேலியாவில் சோதித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிறழ்வு இருந்தது. ஊசிக் காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம். நோய் முன்பே உள்ளே இருந்தது. எனவே வலிப்பு வந்த பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் முதலே கேளுங்கள். வழக்குத் தொடங்கியபின் எதிர்த்தரப்பு அதைக் கேட்டு வாங்கும்போது தெரியவருவது வீண்செலவு. ஊசியால்தான் ஓட்டிசம் வந்தது என்று பிடித்துக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் 2009 இல் மாதிரி வழக்குகளாக எடுத்து விசாரித்தவை தள்ளுபடியாகின, அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செற் சஞ்சிகை 2010 இல் மீளப்பெற்றது. அதில் காசைக் கரைக்கவேண்டாம்.

நேரக் கணக்கும் பேசும். கடும் ஒவ்வாமை நிமிடங்களில், அல்லது ஓரிரு மணித்தியாலத்தில் வரும். ஐங்கூட்டு ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் வரும். எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் ஊசி) காய்ச்சலும் அதோடு வரும் வலிப்பும் ஐந்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில். ஆகவே எம்.எம்.ஆர். போட்ட அன்றிரவே வந்த வலிப்பை அந்த ஊசியின் தலையில் கட்டுவது கடினம்.

அப்படியானால் எந்த வழக்கு நிற்கும்? மனிதப் பிழை உள்ளது. பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), எம்.எம்.ஆர். போன்றவை தூளாக வந்து, அதற்கென்றே தரப்பட்ட கரைப்பானில் கரைக்கப்படுபவை. வேறு கரைப்பானைக் கலந்திருக்கலாம். கரைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டிய குப்பியை அடுத்த நாளும் பாவித்தால் கிருமி பெருகி, ஊசி போட்டுச் சில மணித்தியாலத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் வரும். அதே குப்பியில் போட்ட வேறு பிள்ளைகளுக்கும் வரும். இரண்டு தொடக்கம் எட்டுப் பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டியது உறைந்துபோயிருக்கலாம். பிறந்த குழந்தைக்குத் தோலுக்குள் 0.05 மில்லிலீற்றர் போடவேண்டிய பி.சி.ஜி. ஆழமாக இறங்கிச் சீழ் கட்டலாம். முந்தைய ஊசிக்கு வந்த கடும் ஒவ்வாமை கொப்பியில் எழுதியிருந்தும் பார்க்காமல் போட்டிருக்கலாம். ஒவ்வாமை வந்தபோது அட்ரினலின் (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடைத் தசையில்) போடாமல் விட்டிருக்கலாம். கடைசிச் சங்கதியில் ஊசி மீது குற்றமே இல்லை. சிகிச்சை தாமதித்ததுதான் வழக்கு.

இவற்றுக்கான சாட்சி கடதாசியில் இருக்கிறது, அதுவும் முதல் சில நாட்களில். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிக் கொப்பியில் திகதியும் தொகுதி இலக்கமும் (ஊசி எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) இருக்கிற பக்கத்தை அன்றே படம் எடுத்துவையுங்கள். தொகுதி இலக்கம் எழுதப்படவில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் எழுதித்தரச் சொல்லுங்கள். ஊசிக்குப் பின்னான பாதகமான விளைவுகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தனிப் பதிவு உண்டு; அங்கே முறையாக அறிவித்து, அறிவித்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை போதாது. மணிக்கணக்கில் எழுதப்பட்ட விடுதிக் குறிப்புகள் தேவை. அவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மருத்துவப் பதிவு என்பதால் பிள்ளையின் சார்பில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தை இணைக்காவிட்டால் மறுப்பார்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மாகாணத் திணைக்களத்தின் கீழும் வருவதால் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். ஒன்றைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம்.

சொல்லவே மனம் வராதது ஒன்று. பிள்ளை இறந்துவிட்டால், "வெட்டாமல் தாருங்கோ" என்று பெற்றோர் திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் கெஞ்சுவார்கள். அந்தத் துயரம் விளங்குகிறது. ஆனால் சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை இல்லாத குழந்தை மரணத்தில் காரணத்தை நிறுவுவது அநேகமாக முடியாது. பிள்ளை இறந்த வழக்கில், அன்பையும் அரவணைப்பையும் இழந்ததற்கும் பெற்றோர் கேட்க 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் முதலில் காரணம் வேண்டும்.

அரசு ஒரு தொகுதியை நிறுத்தியதே போதிய சாட்சி என்று நினைப்பதும் பிழை. 2008 இல் அறிமுகமான ஐங்கூட்டு ஊசியின் ஒரு தொகுதி, சில மரணங்கள் அறிவிக்கப்பட்டதும் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்பட்டது. 2009 இல் ஊசியே நிறுத்தப்பட்டது. நிபுணர் மீளாய்வுக்குப்பின் 2010 இல் மீண்டும் வந்தது.

கால எல்லை இரக்கமற்றது. தீங்கு வழக்குக்கு 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடம். பிள்ளையின் சொந்தக் கோரிக்கைக்கு 18 வயது வரை காலம் ஓடாது. ஆனால் நீங்கள் செலவழித்த மருந்துக் காசுக்கும் இழந்த வருமானத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. அரசுக்கு எதிரானதென்றால் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்கவேண்டும். இரண்டு வருடம் முடியக் கடைசிக் கிழமையில் வருபவருக்கு அந்த மாதம் எங்கிருந்து வரும்? அடிப்படை உரிமை மனு என்றால் ஒரே ஒரு மாதம்தான்; அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிட்டு விசாரணை நடந்தால், அந்த விசாரணைக் காலம் கணக்கில் சேராது. தனியார் மருத்துவமனையில் போட்ட ஊசிக்குச் சட்டமா அதிபர் அறிவித்தல் தேவையில்லை, பற்றுச்சீட்டைத்தான் தேடவேண்டும். காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

வழக்கு நடக்கும் காலத்தில் மிச்ச ஊசிகளை நிறுத்திவிடாதீர்கள். கடும் ஒவ்வாமையோ வலிப்போ வந்த பிள்ளை என்றால் அடுத்ததைச் சாதாரண கிளினிக்கில் போடாமல், குழந்தை மருத்துவ நிபுணரிடம் காட்டி, எதைப் போடுவது, எதை விடுவது, எங்கே வைத்துப் போடுவது என்று கொப்பியிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.