கூரையில் படகு: கட்டு கரியரோடு முடியக்கூடாது

பொல்கொட ஏரி, நீர்கொழும்புக் களப்பு, கொக்கல என்று வார இறுதியில் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் 10 அடி, 12 அடி அலுமினியப் படகை வாகனக் கூரையில் ஏற்றிப் போவது கொழும்பில் புதிதல்ல. களனி கங்கை பெருகினால் கொலன்னாவைப் பக்கம் அவசர அவசரமாகப் படகு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களிடம் கரியர் (கூரையில் பூட்டும் தாங்கிச் சட்டம்) பொருத்தக் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் பெல்ட்டைப் பற்றித்தான்: எத்தனை வேண்டும், எந்த அகலம். ஆனால் படகு கரியரிலிருந்து நழுவி விழுவதைவிடப் பயப்பட வேண்டியது, கரியரும் படகும் சேர்ந்து கூரையிலிருந்து பெயர்வது. எத்தனை பெல்ட் போட்டாலும் அவை படகைக் கரியரோடுதான் கட்டுகின்றன. வாகனத்தோடு கட்டுவது வேறு வேலை.

முதலில் எடையைப் பார்ப்போம். தட்டை அடியுள்ள 10 அடிப் படகு சுமார் 40 முதல் 50 கிலோ. 12 அடி என்றால் 55 முதல் 75 கிலோ வரை போகும். கூரை தாங்கும் அளவு சிறு கார்கள் பலவற்றில் 30 முதல் 50 கிலோதான். நடுத்தரக் கார்களில் 75, பெரிய ஜீப்களில் 100 அளவில் இருக்கும். கரியரின் எடையும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். உங்கள் வாகனத்துக்குரிய சரியான எண் கைநூலில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனமென்றால் கைநூலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கைபேசிக் கமராவின் மொழிபெயர்ப்பில் காட்டினால் எண் தெரிந்துவிடும். கரியர்ப் பெட்டியில் அச்சிட்டிருப்பது கரியரின் அளவு, கூரையின் அளவல்ல. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

ஜப்பானிலிருந்து வரும் வாகன்ஆர் போன்ற குட்டிக் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் நீளம் 3.4 மீற்றருக்குள். 12 அடிப் படகு 3.66 மீற்றர். காரைவிடப் படகு நீளம்! முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் படகை கரியரின் நெருக்கமான இரண்டு குறுக்குத் தண்டுகளில் நிறுத்துவது தராசுக்கோலைக் கூரையில் வைத்து ஓடுவதற்குச் சமம். வேண்டாம் என்பதே எங்கள் பதில்.

கூரையின் இருபக்கமும் நீளவாக்கில் ஓடும் ரெயில்களைத் தட்டிப் பாருங்கள். சில வாகனங்களில் அவை வெறும் அலங்காரப் பிளாஸ்ரிக்; கிளிப்பில் நிற்பவை. அவற்றில் கரியர் பூட்டக்கூடாது. மழைநீர் ஓடும் விளிம்புள்ள வான்கள், ரொயோற்றா கே.டி.எச். போன்றவை, இந்த வேலைக்கு நல்லவை. விளிம்பைக் கவ்வும் கால்கள் உறுதியாக நிற்கும். பெட்டிக் குழாயில் உள்ளூரில் வெல்ட் பண்ணிய கரியர் மலிவுதான். ஆனால் வெல்டிங் மூட்டில் உப்புத்துரு உள்ளிருந்து வரும், பெயின்ற் அதை மறைத்துவிடும். மூட்டில் பழுப்புக் கோடு தெரிந்தால் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள். மந்தமான சத்தம் வந்தால் அந்த மூட்டை நம்பக்கூடாது. போல்ற்றுகள் ஸ்ரெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், நட்டுகள் உள்ளே நைலோன் வளையம் உள்ளவையாக இருக்கட்டும். சாதாரண நட் அதிர்வில் கழலும். தண்டுகள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 75 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். வாகனம் இடங்கொடுத்தால் ஒரு மீற்றர்.

தண்டில் சாக்கையோ பழைய கார்ப்பெற்றையோ சுற்றுவது நம்மவர் வழக்கம். களப்பிலிருந்து வந்த உப்புத்தண்ணீரை அது நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஒருநாள் அதை அவிழ்த்துப் பார்த்தால் படகின் விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். விரலால் துடைத்தால் அடியில் ஊசி குத்தியதுபோலச் சிறு குழிகள். இரும்பும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது அலுமினியம்தான். பழைய ரயர் ரியூப்பை வெட்டிச் சுற்றுங்கள், அல்லது தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் போடுங்கள். படகை றப்பர் வழுக்கவும் விடாது.

ஏற்றுவதும் கட்டுவதும்

படகு கவிழ்ந்த நிலையில், அணியம் (படகின் முன்முனை) முன்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் காற்று உள்ளே புகும் என்பது எல்லாருக்கும் தெரியும், மழையை மறந்துவிடுகிறார்கள். 12 அடிப் படகின் திறந்த வாய் ஏறத்தாழ 4 சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றர் மழை பெய்தால் 40 லீற்றர், அதாவது 40 கிலோ கூடுதல் சுமை. ஒக்டோபர் மாலையில் கொழும்பில் ஒரு சென்ரிமீற்றர் பெய்ய அரைமணி நேரம்கூடத் தேவைப்படாது.

இரண்டு பேர் இருந்தால் இரு முனைகளிலும் பிடித்துத் தூக்கலாம். தனியாளென்றால் படகை வாகனத்தின் பின்னால் கவிழ்த்து வைத்து, அணியத்தை மட்டும் தூக்கிப் பின்தண்டில் சாய்த்துவிட்டு, பிறகு பின்பக்கம் போய் உயர்த்தி முன்னால் தள்ளுங்கள். அப்போது முழு எடையும் ஒருபோதும் உங்கள் கையில் வராது. பின்கண்ணாடிக்கு மேலே ஒரு றப்பர் பாய் விரிக்காவிட்டால் கூரை விளிம்பில் பெயின்ற் போகும்.

பெல்ட் 25 மில்லிமீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம், தண்டுக்கு ஒன்று. இழுத்தால் பல் கடித்துப் பூட்டும் சாதாரணக் கொக்கியே போதும். பிடியை நெம்பிச் சொடுக்குச் சொடுக்காக இறுக்கும் ரச்செட் லொறிச் சாமானுக்கு நல்லது. படகில் இன்னும் ஒரு சொடுக்கு, இன்னும் ஒரு சொடுக்கு என்று இறுக்கினால் விளிம்பு வளையும், ஆணி மூட்டுகள் தளர்ந்து தண்ணீர் கசியும். பெல்ட்டைப் படகின் மேலாக எறிந்து, விளிம்பை ஒட்டியே தண்டைச் சுற்றி எடுங்கள். விளிம்பிலிருந்து தள்ளிச் சுற்றினால் அந்த இடைவெளி அளவுக்குப் படகு பக்கவாட்டில் நகரும். உள்ளே இருக்கைப் பலகை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பெல்ட் விழுந்தால் தகடு நெளியாது. நடுவில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அலறாது. கொக்கியின் பல்லில் கடற்கரை மணல் இருந்தால் கடிப்பு நிற்காது. பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். கார்க் கதவைத் திறந்து உள்ளே விட்டுக் கட்டுவதைப் பலர் செய்கிறார்கள். மழைத்தண்ணீர் பெல்ட்டோடு வழிந்து இருக்கையில் இறங்கும், அவசரத்தில் கதவும் திறக்காது.

இனி முனைக் கயிறுகள். பலர் விட்டுவிடுவது இவற்றைத்தான்.

பெல்ட் படகைக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது. முன்னும் பின்னும் ஓடாமல் தடுப்பது உராய்வு மட்டும். 60 கிலோப் படகு, சடுதியாகப் பிரேக் போட்டால் 40 கிலோ அளவு விசையோடு முன்னே தள்ளும். நனைந்த தண்டில் அதை உராய்வு தாங்காது. முன்கயிறு காற்றில் அணியம் எழும்புவதைத் தடுக்கும். பிரேக் போடும்போது படகு பொனற்றுக்கு மேல் ஓடாமல் பிடிப்பது பின்கயிறு. முன்னால் மட்டும் கட்டி நிம்மதியடைகிறவர்கள் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை.

அணிய வளையத்திலிருந்து இரண்டு கயிறுகள், கவிழ்த்த 'ப' போல இடமும் வலமும் இறங்க வேண்டும், பின்னாலும் அப்படியே. இறங்கும் இடம் வாகன உடலின் இரும்பாக இருக்க வேண்டும். பம்பர், கிரில், இலக்கத்தகடு எல்லாம் பிளாஸ்ரிக். பம்பரில் உள்ள சிறு மூடியைக் கழற்றினால் இழுவைக் கொக்கியை முறுக்கும் துளை தெரியும்; கொக்கி ஸ்பெயார் வீல் பக்கத்துக் கருவிப் பையில் இருக்கும். ரீகண்டிஷன் வாகனங்களில் அது தொலைந்திருப்பதும் உண்டு, வாங்கும்போதே பாருங்கள். சிலவற்றில் அது இடப்புரி, அதாவது இடப்பக்கம் திருப்பித்தான் முறுக்க வேண்டும். கொக்கி ஒன்றுதான் என்றால், பொனற்றுக்கு அடியில் மட்கார்ட் போல்ற்றில் பிடிக்கும் பட்டிக் கண்ணிகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டலாம்.

கயிறு 8 மில்லிமீற்றர் பொலியெஸ்ரர். புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் நீலக் கயிறு முடிச்சில் வழுக்கும், வெயிலில் இழை பொடியாகும். நைலோன் நனைந்தால் நீளும். றப்பர் கயிறு பேச்சுக்கே இடமில்லை. லொறிக்காரர் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சே இதற்கும் ஏற்றது: கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி, நுனி கொக்கிக்குள் போய்த் திரும்பிக் கண்ணி வழியே வந்து இழுபட்டு, இரண்டு அரைமுடிச்சில் முடிய வேண்டும். கையால் இறுக்கும் அளவு போதும். மிஞ்சிய வாலைச் சுருட்டிக் கட்டுங்கள். தொங்கும் வால் முன்சில்லில் சுற்றினால் படகை ஒரே இழுப்பில் பொனற்றுக்கு இறக்கிவிடும்.

வீதியில்

காலி வீதி நெரிசலில் 40இல் போய்ப் பழகிய கட்டு, 2011இல் தெற்கு அதிவேகப் பாதை வந்தபின் 100ஐச் சந்திக்கிறது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50இலிருந்து 100 என்றால் நான்கு மடங்கு. 80ஐத் தாண்ட வேண்டாம். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை 70 நல்லது. பஸ் முந்தும்போது ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

புறப்பட்டு 5 கிலோமீற்றரில் ஒருமுறை நிறுத்துங்கள். றப்பரும் ஃபோமும் அமுங்கி அதற்குள் பெல்ட் தளர்ந்திருக்கும். அதிவேகப் பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது என்பதால் கொட்டாவையில் ஏறுமுன் ஒரு சோதனை, வெலிப்பென்ன ஓய்விடத்தில் இன்னொன்று. படகைப் பிடித்து ஆட்டுங்கள்: வாகனமே ஆட வேண்டும், படகு தனியாக ஆடக்கூடாது. பின்னால் நீட்டுகிற முனையில் சிவப்புத் துணி, இருட்டினால் சிவப்பு விளக்கு. பின்விளக்கையும் இலக்கத்தகட்டையும் எதுவும் மறைக்கக்கூடாது.

உயரம் மறந்துபோகும். 1.65 மீற்றர்க் காரில் கரியரும் படகும் சேர்ந்தால் 2.25 மீற்றர். தொடர்மாடிகளிலும் அங்காடிகளிலும் நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் வாயில் 2.1 மீற்றர் என்றால் அங்கேயே முடிந்தது. உயரத்தை அளந்து டாஷ்போர்டில் ஒட்டி வையுங்கள்.

எஞ்சினைப் படகிலேயே விட்டு ஏற்றாதீர்கள். 5 குதிரைவலு எஞ்சின் 20 கிலோவுக்கு மேல். நான்கு ஸ்ரோக் எஞ்சினைக் குறிப்பிட்ட பக்கத்தில் மட்டுமே சாய்க்கலாம், மாறிப் படுத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போகும். பெற்றோல் கலன் மூடிய காருக்குள் கூடாது.

வீடு வந்ததும் படகையும் கரியர்க் கால்களையும் பெல்ட் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரண்டொரு பயணத்துக்கு ஒருமுறை கரியர் போல்ற்றுகளைத் திருகிப் பாருங்கள். எடை கூரையின் எல்லையைத் தொட்டால் பெல்ட்டைக் கூட்டிப் பயனில்லை. சின்ன இழுவைப் பெட்டியோ (ட்ரெயிலர்) வாடகைக்கு ஒரு பிக்கப்போ பாருங்கள்.