படிவுப் பாறை

மணலும் களியும் படிந்து இறுகி உருவாகும் பாறையை ஆங்கிலத்தில் ‘செடிமென்டரி ராக்’ என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் இலத்தீன் ‘செடிமென்டும்’. அது ‘உட்கார்’ என்னும் பொருளுள்ள ‘செடேரே’ வினையிலிருந்து பிறந்தது. நம் ‘படி’ அதைவிடத் துல்லியமானது. தூசி படிகிறது, குடத்தின் அடியில் உப்பு படிகிறது: சிறுகச் சிறுகச் சேர்வது அந்த வினையிலேயே இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘அடையற்பாறை’யும் நல்ல சொல்தான். ‘படிவப் பாறை’ என்பதைத் தவிர்க்க வேண்டும். படிவம் என்றால் உருவம்.

படிவது ஒரே சீராக நடப்பதில்லை என்பதால்தான் இந்தப் பாறைகளில் அடுக்குகள் உண்டாகின்றன. வேகமாக ஓடும் நீர் கூழாங்கல்லையும் உருட்டிச் செல்லும். வேகம் குறையக் குறைய முதலில் கல், பிறகு மணல், கடைசியில் களி இறங்கும். கடல் நிலத்துக்குள் ஏறினால், மணல் படிந்த இடத்தில் களியோ சுண்ணாம்புச் சேறோ படியத் தொடங்கும். நாம் காணும் ஒவ்வொரு கோடும் அப்படியொரு மாற்றத்தின் தடம். புரட்டப்படாத அடுக்குகளில் கீழே இருப்பதே மூத்தது என்பதை 1669-இல் எழுதிவைத்தவர் டென்மார்க் அறிவியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ.

ஆந்திரப் பிரதேசத்தின் நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு இதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். நகரி மலையின் குவார்ட்சைட் ஒரு காலத்தில் மணலாகப் படிந்து இறுகிய பாறை. இத்தகைய பாறையை நெருங்கிப் பார்த்தால் சில இடங்களில் கிடைக்கோடுகளுக்கு நடுவே சாய்ந்த மென்கோடுகள் தெரியும். நீரோட்டம் தள்ளிய மணல்மேட்டின் சரிவுப் பக்கத்தில் மணல் சரிந்து படிந்ததால் வந்தவை அவை. சாய்வு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் நீர் ஓடியிருக்கிறது. ‘கிராஸ் பெட்டிங்’ என்னும் இதைக் ‘குறுக்கு அடுக்கு’ என்பதைவிடச் ‘சாய்வடுக்கு’ என்று எழுதலாம். கண்ணில் படுவது சாய்வுதானே.

திருமலைக்குப் போகும் மலைப்பாதையில், பஸ் ஜன்னலிலிருந்தே தெரியும் இன்னொன்று உண்டு. அடியில் அடுக்கே இல்லாத மிகப் பழைய கிரானைட். அதன்மேல் நேராகவே இந்த நகரி குவார்ட்சைட். இரண்டுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு உரிய பாறையே இல்லை. இந்திய புவியியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. இத்தகைய எல்லையைக் குறிக்கும் ‘அன்கன்ஃபார்மிட்டி’யைப் ‘பொருந்தாமை’ என்று பெயர்த்தால் கல் சரியாக ஒட்டவில்லை என்று தோன்றிவிடும். ‘படிவு இடைவெளி’ என்றால் நடந்தது புரியும்: அத்தனை காலமும் அங்கே எதுவும் படியவில்லை, அல்லது படிந்தது அரித்துச் செல்லப்பட்டுவிட்டது.