யோம் கிப்பூர்: தண்ணீரும் இல்லாத 25 மணி நேரம்

யூதர்களின் யோம் கிப்பூர், அதாவது பாவநிவிர்த்தி நாள், யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 10ஆம் தேதி வருகிறது. முதல் நாள் சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி மறுநாள் நன்றாக இருட்டும்வரை, சுமார் 25 மணி நேரம், சாப்பாடும் கிடையாது, சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

பசியை உடம்பு சமாளித்துவிடும். கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன், அதாவது சேமித்து வைத்த சர்க்கரை, இருக்கும். இரவு முழுக்க மூளைக்கு அதிலிருந்துதான் குளுக்கோஸ் போகிறது. மறுநாள் பிற்பகலில் அது கரையக் கரைய, கொழுப்பு எரிந்து, மாற்று எரிபொருளான கீட்டோன்கள் கூடும்.

ஆளை வாட்டுவது தாகம். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மட்டுமே ஒரு நாளில் ஏறத்தாழ 800 மில்லி நீர் போய்விடும், சிறுநீர் தனி. இரத்தத்தின் உப்புச் செறிவு 1 முதல் 2 சதவீதம் ஏறினாலே தாகம் எடுக்கும். அதனால் நோன்புக்கு முந்தைய கடைசிச் சாப்பாட்டில் ஊறுகாயும் உப்பு தூக்கலான சூப்பும் இருந்தால், அன்றிரவே நாக்கு வறளும். கடைசி நிமிடத்தில் ஒரு லிட்டரை மடமடவென்று குடிப்பதும் வீண். சிறுநீரகம் இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு என்று சாப்பிட வேண்டும். இவை உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்; ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்.

தலைவலிக்குப் பெரும்பாலும் காபிதான் காரணம். தினமும் குடிப்பவர் மூளையில், தூக்கக் கலக்கம் தரும் அடினோசின் என்ற வேதிப்பொருளைக் காஃபீன் தடுத்து வைத்திருக்கும். காபி நின்றதும் அடினோசின் கை ஓங்கி, மூளை இரத்தக்குழாய்கள் விரியும். 12 முதல் 24 மணி நேரத்தில் வலி தொடங்கும். நான்கு கோப்பை குடிப்பவர் ஒரு வாரம் முன்பே மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்து வந்தால் தப்பிக்கலாம். முதல் நாள் திடீரென்று நிறுத்துவதுதான் மோசம். வலி சரியாக நோன்பின் நடுவில் வந்து நிற்கும்.

நோன்பால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால், உண்பதையே யூதச் சட்டம் கடமையாக்குகிறது. சிறு அளவு போதும் என்பவர்களுக்கு அது நுட்பமான வழி வைத்திருக்கிறது. முன்கூட்டியே வாய் நிறையத் தண்ணீர் எடுத்து, அளவுக் கோப்பையில் துப்பிப் பார்க்க வேண்டும். அதில் பாதிதான் ஒரு கன்னத்தின் கொள்ளளவு. நோன்பன்று அதற்கும் குறைவாக, பொதுவாக ஒன்பது நிமிடத்துக்கு ஒரு முறை, குடிக்கலாம். ஒரு தடவைக்கு 35 மில்லி என்றாலும் மணிக்கு 200 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும்.